குளிர்ப் பிரதேச வீட்டுக்குக் கதவு மாற்றிய பதிவு: வாசல் முதல் குளியலறை வரை

புது வாசற்கதவின் பூட்டுப் பக்கக் கீழ்மூலை ஒருவழியாக 9 டிகிரிக்கு வந்துவிட்டது. வெளியே மைனஸ் 18, உள்ளே 21, உள்காற்றின் ஈரப்பதம் 35 சதவீதம் இருந்தபோது எடுத்த அளவு இது. 21 டிகிரியில் 35 சதவீத ஈரம் உள்ள காற்று, 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன்மேல் பட்டாலும் நீர் கோர்க்கும். அந்த இடம் பூஜ்யத்துக்கும் கீழே போனால் நீரே உறைபனியாகப் படியும். பழைய கதவில் அந்த மூலை குளிர்காலம் முழுக்க வெள்ளையாகவே இருந்தது. பனி பகலில் உருகி நிலைக்காலின் அடியில் இறங்கும், இரவில் மறுபடி உறையும். நிலைக்காலின் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு மரம் உளுத்துப் போனது இப்படித்தான்.

மாற்றியவை: வாசற்கதவு, அதற்கு உள்ளே நடைக்கூடத்தைப் பிரிக்கும் இரண்டாம் கதவு, கார் நிறுத்தும் அறையிலிருந்து வீட்டுக்குள் வரும் கதவு, உள்ளறைக் கதவுகள் 5. சுவர் மரச்சட்டச் சுவர். உள்பலகையும் வெளிப்பலகையும் சேர்த்து மொத்தக் கனம் 165 மி.மீ.

பழையதை அளந்தது

கழற்றுவதற்கு முன்னால் அளவு எடுத்து வைப்பது அவசியம். இல்லாவிட்டால் புதுக்கதவு எதைச் சரிசெய்தது, எதை விட்டுவிட்டது என்று பின்னால் சொல்ல வழியிருக்காது. தேவைப்பட்டவை ஒரு அகச்சிவப்பு வெப்பமானி, ஊதுபத்தி, ஒரு தாள். பளபளப்பான உலோகத்தின்மேல் அகச்சிவப்பு வெப்பமானி பொய் சொல்லும். எதிரே இருக்கும் சுவரின் வெப்பத்தைத்தான் பெரும்பாலும் காட்டும். அலுமினிய வாசற்படி, கைப்பிடி, பூட்டு முகப்பு ஆகியவற்றில் முதலில் ஒரு துண்டுக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, கால் மணி நேரம் விட்டு, டேப்பின்மேல் அளக்க வேண்டும்.

பழைய கதவு பைன் மரம். 44 மி.மீ. கனச் சட்டங்கள், நடுவில் 12 மி.மீ. பலகைகள். மைனஸ் 18-இல் சட்டம் 11 டிகிரி, நடுப்பலகை 2 டிகிரி. ஒரே கதவில் 9 டிகிரி வித்தியாசம் வருவதற்குக் கனத்தைத் தவிர வேறு காரணம் இல்லை. அழகுக்காகக் குடைந்த பலகைகள் உள்ள மரக்கதவை வாங்கும்போது சட்டத்தின் கனத்தை யாரும் மறைப்பதில்லை. பலகையின் கனத்தைத்தான் நாம் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்து தாள். கதவுக்கும் ரப்பர் பட்டிக்கும் நடுவே தாளை வைத்துக் கதவைப் பூட்டி இழுத்துப் பார்த்தால், பிடிப்பு இருக்கும் இடத்தில் தாள் உரசிக்கொண்டு வரும். இல்லாத இடத்தில் வழுக்கிக்கொண்டு வரும். பூட்டுப் பக்கத்தில் மேல் மூலையிலும் கீழ் மூலையிலும் தாள் சும்மா விழுந்தது. நடுவில், நாக்கு மாட்டும் இடத்தில், இறுக்கமாக இருந்தது. கதவின் அடியில் 3 மி.மீ. சந்து. 900 மி.மீ. அகலத்துக்கு அது 27 சதுர செ.மீ.; தீப்பெட்டியின் முகத்தைவிடப் பெரிய ஓட்டை. நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் காற்று அதில் நுழைந்தால், 39 டிகிரி வித்தியாசத்தில் ஏறக்குறைய 140 வாட் வெப்பம் போகிறது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் கதவு தேர்ந்தெடுக்கும்போது பல சபலங்கள் தானாக அடங்கும்.

எந்தக் கதவு

வெப்பக்காப்புக்குச் சொல்லப்படும் எண் யு-மதிப்பு: 1 டிகிரி வித்தியாசத்தில் 1 சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் போகிறது என்பது. குறைந்தால் நல்லது. 44 மி.மீ. கெட்டிப் பைன் பலகைக்கு அது 2-ஐ ஒட்டி வரும். அதே கனத்தில் இரண்டு தகடுகளுக்கு நடுவே பாலியூரித்தேன் நுரை நிரப்பினால் நடுப்பகுதிக்கு 0.6 அளவில் வரும். தெர்மோகோல் நிரப்பிய கதவு இரண்டுக்கும் நடுவில், ஆனால் நுரைக்கு அருகில். பொருள் வெப்பத்தை எவ்வளவு கடத்தும் என்ற எண்ணும் (வாட்/மீட்டர்·டிகிரி) குறைந்தால்தான் நல்லது: பாலியூரித்தேனின் வெப்பக்கடத்தல் 0.025, தெர்மோகோலுடையது 0.035 முதல் 0.04 வரை, பைன் மரத்துடையது 0.13.

விற்பவர் முதலில் எடுத்துக்காட்டுவது நடுப்பகுதியின் எண். நிலை, வாசற்படி, கண்ணாடி எல்லாம் சேர்ந்த முழுத் தொகுப்பின் எண் வேறு, 0.6 பலகை கொண்ட தொகுப்பு சாதாரணமாக 1.0 பக்கம் வந்து நிற்கும். மிகக் குறைந்த சூடேற்றலில் இயங்கும் வீடுகளுக்குத் தரம் வகுக்கும் ஜெர்மனியின் பாசிவ் ஹவுஸ் நிறுவனம் மிதமான குளிர்ப் பகுதி வாசற்கதவுக்கு வைத்திருக்கும் வரம்பு 0.80, அதுவும் முழுத் தொகுப்புக்கு. 1.0-லிருந்து 0.8-க்குப் போனால் 2 சதுர மீட்டர் கதவில், அதே 39 டிகிரியில், மிச்சமாவது 16 வாட்டுக்கும் குறைவு. அடிச் சந்து தின்பது 140. ஆகவே ஒரு நியாயமான அளவைத் தாண்டிய பிறகு பலகைக்குக் கூடுதல் பணம் போடுவதைவிட, அதை வாசற்படிக்கும் பூட்டுக்கும் ரப்பருக்கும் திருப்பிவிடுவது புத்திசாலித்தனம். இந்த வேலையில் அப்படித்தான் பங்கு பிரித்தது.

மரம், எஃகு, ஃபைபர்கிளாஸ் மூன்றும் குளிரில் வெவ்வேறு மாதிரி வளையும். தேர்வுக்கு அழகைவிட இதுதான் பெரிய காரணம்.

மரக்கதவின் உள்முகம் சூடேற்றிய வறண்ட காற்றில் காய்ந்து சுருங்கும். வெளிமுகம் ஈரமாகவே இருக்கும். சுருங்கிய பக்கம் நோக்கி முனைகள் வளையும், அதாவது மேலும் கீழும் வீட்டுக்குள் பக்கமாக. உள்நோக்கித் திறக்கும் கதவில் ரப்பர் பட்டி கதவின் வெளிமுகத்தை அணைத்து நிற்கிறது. முனைகள் உள்ளே வந்தால் மூலைகள் பட்டியை விட்டு விலகும். பழைய கதவில் தாள் மூலைகளில் வழுக்கியதற்கு இதுவே காரணம். எத்தனை தடவை ரப்பர் மாற்றினாலும் அடுத்த ஜனவரியில் அதே சந்து வரும்.

எஃகுக் கதவு இதற்கு நேர் எதிர். வெளித் தகடு குளிரில் சுருங்கும், உள்தகடு சூடாக நீளமாகவே இருக்கும். எஃகு 1 மீட்டருக்கு 1 டிகிரியில் 0.012 மி.மீ. மாறும்; 2 மீட்டர் உயரத்தில் 40 டிகிரி வித்தியாசத்துக்கு இரு தகடுகளும் ஏறக்குறைய 1 மி.மீ. வேறுபடும். கேட்பதற்குச் சின்னது. ஆனால் 44 மி.மீ. இடைவெளியில் ஒட்டிக்கொண்டிருக்கும் இரு தகடுகளில் அந்த 1 மி.மீ., தடையில்லாமல் விட்டால் 5 மி.மீ.க்கு மேல் வளைவாக மாறும். முனைகள் வெளியே போகும். உள்நோக்கித் திறக்கும் கதவுக்கு அது ஒருவகையில் நல்லது: மூலைகள் பட்டிமேல் அழுந்தும், பூட்டு மட்டும் கொஞ்சம் இறுகும். வெளிநோக்கித் திறக்கும் கதவிலோ மூலைகள் பட்டியை விட்டுக் கிளம்பிவிடும். அங்கே ஒற்றை நாக்குப் பூட்டு போதாது. மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் பிடிக்கும் பூட்டு கட்டாயம்.

ஃபைபர்கிளாஸ் தோல் எஃகைப் போல வெப்பத்தைக் கடத்தாது, துருப்பிடிக்காது, நெளியாது. வெயில் நேரடியாக விழும் வாசலுக்கு இதுவே முதல் தேர்வு. ஒரு எச்சரிக்கை: கருநிறக் கதவுக்கு முன்னால் முழுக்கண்ணாடிப் புயல்கதவு (வாசற்கதவுக்கு வெளியே கூடுதலாக மாட்டும் கதவு) போடக் கூடாது. குளிர்கால வெயிலிலும் இரண்டுக்கும் நடுவே சூடு அடைபட்டு, கண்ணாடியைச் சுற்றிய பிளாஸ்டிக் சட்டம் நெளியும்.

இந்த வாசலுக்கு வெயில் வராது, கூரையும் இல்லை, பனி சறுக்கி வந்து வாசலில் குவியும். அதனால் உள்நோக்கித் திறக்கும் எஃகுக் கதவு. இடுப்புயரப் பனி குவிந்தால் வெளிநோக்கித் திறக்கும் கதவை உள்ளிருந்து தள்ள முடியாது. முன்கூரை நன்றாக நீண்டிருக்கும் வீட்டில் வெளிநோக்கியும் வைக்கலாம். காற்று அடிக்கும்போது கதவு பட்டிமேல் அழுந்தும் என்ற லாபம் அதில் உண்டு.

எஃகில் பார்க்க வேண்டியவை மூன்று. தகடு 24 கேஜ் அல்லது அதைவிடத் தடிமன் (எண் குறையக் குறையத் தகடு தடிக்கும்). கதவின் விளிம்பில் உள்தகடும் வெளித்தகடும் ஒன்றையொன்று தொடக்கூடாது; நடுவே மரமோ பி.வி.சி.யோ வெப்பத் தடையாக இருக்க வேண்டும். இதைக் கடையிலேயே விளிம்பைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். தகடு சுற்றி மடிந்து தொடர்ச்சியாக வந்தால் அந்த விளிம்பு முழுக்கக் குளிர்காலத்தில் வேர்க்கும். மூன்றாவது, பூட்டுப் பக்கமும் மேல்பக்கமும் காந்தப் பட்டி. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இருப்பதே. கதவு சில மி.மீ. வளைந்தாலும் பட்டி நீண்டு கூடவே வரும். கீல் பக்கத்துக்கு அழுந்தும் ரப்பர்தான் சரி. ரப்பர் இ.பி.டி.எம். அல்லது சிலிகானாக இருக்கட்டும், பி.வி.சி. பட்டி கடும் குளிரில் விறைத்துவிடும்.

கண்ணாடி வேண்டுமென்றால் சின்னதாக, கண் உயரத்தில். சாதாரண இரட்டைக் கண்ணாடியின் யு-மதிப்பு 2.8, மைனஸ் 18-இல் அதன் உள்முகம் 7 டிகிரிதான் இருக்கும். லோ-இ பூச்சும் (வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் மெல்லிய பூச்சு) ஆர்கான் வாயுவும் உள்ள இரட்டைக் கண்ணாடி 1.1 என்றால் 15 டிகிரி. மூன்றடுக்கு 0.7 என்றால் 17. இங்கே போட்டது மூன்றடுக்கு. கண்ணாடிகளுக்கு நடுவே விளிம்பில் ஓடும் இடைப்பட்டை அலுமினியமாக இருந்தால் மூன்றடுக்கும் ஓரத்தில் வேர்க்கும். அதையும் கேட்க வேண்டும். தபால் துளை கதவில் வேண்டவே வேண்டாம்.

நிலையைக் கழற்றி அடியைத் தயார் செய்தது

பழைய நிலைக்குள் புதுப் பலகையை மட்டும் மாட்டுவது மலிவு, ஆனால் நிலை உளுத்த இடத்தில் அது வீண்வேலை. நிலை, கீல், பட்டி, வாசற்படி எல்லாம் சேர்ந்து வரும் தொகுப்பே வாங்கியது. பலகை 915 × 2032 மி.மீ., நிலையின் வெளியளவு 953 × 2080, சுவரில் திறப்பு 975 × 2095. பக்கத்துக்கு 11 மி.மீ. சந்து கிடைக்கும். 6-க்குக் கீழே போனால் சந்தை நிரப்பும் நுரைக் குழாயின் முனை நுழையாது. 20-ஐத் தாண்டினால் நுரை தொங்கும். அகலத்தை மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் அளந்து சிறியதைக் கணக்கில் எடுக்க வேண்டும், மூலைவிட்டங்கள் இரண்டையும் சேர்த்து.

நிலையைக் கழற்றியதும் தரைப்பலகையின் விளிம்பு 300 மி.மீ. நீளத்துக்குக் கையால் பிய்த்தாலே வந்தது. வெட்டி எடுத்து, பதப்படுத்திய 18 மி.மீ. பிளைவுட் வைத்துத் திருகியது. அதன்பின் ரசமட்டம்: அகலவாட்டில் 3 மி.மீ. சாய்வு. உயர்ந்த பக்கத்தை இழைப்புளியால் எடுத்து 1 மி.மீ.க்குள் கொண்டுவந்தது. இதைச் சோம்பலில் விட்டால் பின்னால் நிலையைத் தூக்குக்குண்டுக்கு நிறுத்தும்போது ஒரு நிலைக்கால் அந்தரத்தில் நிற்கும், வாசற்படி நடக்கும்போது கிரீச்சிடும். வெளிவாட்டில் மட்டும் 2 மி.மீ. சரிவு வேண்டும்.

வாசற்படிக்கு அடியில் ஒரு தட்டு செய்தது. 150 மி.மீ. அகல பியூட்டைல் டேப் (நீர் புகாமல் ஒட்டும் ரப்பர் நாடா) முதலில் அடியில், வெளிப்பக்கமாகச் சுவர்முகத்தில் மடிந்து இறங்கும்படி. பக்கங்களில் 150 மி.மீ. ஏறும்படி. உள்விளிம்பில் 12 மி.மீ. உயர பி.வி.சி. கோணப்பட்டை தடுப்பாக. நீர் எப்படியாவது வாசற்படிக்குக் கீழே போகும். போனது வீட்டுக்குள் வராமல் வெளியே வழிய வேண்டும், அவ்வளவுதான். சீலன்ட் கோடு உள்தடுப்பை ஒட்டியும் இரு பக்கமும் மட்டும். வெளி விளிம்பையும் சேர்த்து அடைத்துவிட்டால் தட்டு தொட்டியாகிவிடும்.

வெளிப்படிக்கட்டின் கான்கிரீட், தரை உத்தரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. குளிரை நேராக வாசற்படிக்கு அடியில் கொண்டுவந்து கொடுக்கும் பாலம் அது. நடுவே 20 மி.மீ. சந்து வெட்டி, நீர் உறிஞ்சாத அழுத்த நுரைப்பலகை செருகி, மேலே தகடு மூடியது. இந்த ஒரு காரியத்துக்கு அரைநாள் போயிற்று. வாசற்படி அலுமினியமாக இருந்தாலும் நடுவில் பி.வி.சி. வெப்பத் தடை உள்ளதாக வாங்கியிருந்ததால், பின்னால் அதன் உள்பாதி 8 டிகிரி காட்டியது. தடை இல்லாத வாசற்படியில் செருப்பு ஒட்டிக்கொள்ளும் அளவுக்குப் பனி படியும்.

நிறுத்தியது

கீல் பக்கம் முதலில். தொகுப்பைத் தூக்கி வைக்க இரண்டு பேர் வேண்டும். ஒவ்வொரு கீலுக்கும் பின்னால் எதிரெதிராக ஒரு ஜோடி ஆப்பு. ஒற்றை ஆப்பு நிலைக்காலைத் திருகிவிடும். தூக்குக்குண்டுக்கு நின்றதும் மேல் கீலின் ஒரு திருகாணியை எடுத்துவிட்டு 75 மி.மீ. திருகாணியைச் சுவர்ச் சட்டம் வரை ஏற்றியது. கதவு தாழாமல் இழுத்துப் பிடிப்பது பெரும்பாலும் அந்தக் கீல்தான். கூட வரும் 20 மி.மீ. திருகாணிகள் நிலையை மட்டுமே பிடிக்கும், இரண்டு வருடத்தில் பூட்டுப் பக்கம் தாழும்.

அடுத்தது முறுக்கு. நிலையின் நான்கு மூலைகளிலிருந்து இரண்டு நூல்களைக் குறுக்காகக் கட்டினால் நடுவில் ஒன்றையொன்று லேசாகத் தொட வேண்டும். 3 மி.மீ. விலகி நின்றால் ஒரு மூலை 6 மி.மீ. வெளியே அல்லது உள்ளே இருக்கிறது. ரசமட்டம் இதைக் காட்டாது; இரண்டு கால்களும் தனித்தனியே ஒழுங்காக நின்றபடியே ஒன்று முன்னால், ஒன்று பின்னால் இருக்கக்கூடும். இங்கே 2 மி.மீ. விலகல், அதாவது மூலையில் 4. கீழ் பூட்டுப் பக்கத்தை அந்த அளவு வெளியே தள்ளியதும் சரியானது.

பிறகு பூட்டுப் பக்கம். மூன்று நாக்குப் பூட்டின் ஒவ்வொரு பிடிதகட்டுக்குப் (நிலையில் நாக்கு நுழையும் தகடு) பின்னாலும் ஆப்பு. கதவுக்கும் நிலைக்கும் நடுவே மேலிருந்து கீழ்வரை 3 மி.மீ. ஒரே சீராக. நாணயம் ஒன்றை வைத்து ஓட்டிப் பார்ப்பது அளவுகோலைவிட வேகம்.

நுரைக்கு வருவோம். ஜன்னல்-கதவுக்கென்று வரும், அதிகம் உப்பாத குறைவிரிவு நுரை மட்டுமே. நடைக்கூடத்துக் கதவுக்குக் கையில் மீந்திருந்த சாதாரண நுரையைப் போட்டதில், மறுநாள் காலை பூட்டுப் பக்கச் சந்து நடுவில் 3-லிருந்து 1 மி.மீ. ஆகிக் கதவு உரசியது. ரம்பத்தால் நுரையை முழுக்க அறுத்தெடுத்து மறுபடி செய்ய வேண்டி வந்தது. வாசற்கதவில் கதவைச் சாத்திப் பூட்டி, 3 மி.மீ. அட்டைத் துண்டுகளைச் சந்தில் செருகிவிட்டு, உள்ளிருந்து ஆழத்தில் பாதி மட்டும் நிரப்பியது. நுரை டப்பா அறை வெப்பத்தில் இருக்க வேண்டும். குளிர்ந்த டப்பாவிலிருந்து வரும் நுரை திரவம் மாதிரி வழிந்து, சுருங்கி, உள்ளே வெற்றிடம் விடும். வெளியே சீலன்ட் பூசும் இடம் 5 டிகிரிக்கு மேல் இருக்கும் நாளாகப் பார்க்க வேண்டும். இலையுதிர் காலத்திலேயே முடித்துவிடுவது நல்லது என்பதற்கு இன்னொரு காரணம், கதவில்லாத திறப்போடு வீடு பல மணி நேரம் நிற்கும்.

முதல் கடும் குளிர்

நடுப்பகுதி 18 டிகிரி, விளிம்பு 13, நிலை 14. பூட்டுப் பக்கக் கீழ்மூலையில் மட்டும் மைனஸ் 1, அதில் விரல்நகம் அளவுக்குப் பனி. ஊதுபத்திப் புகை அந்த இடத்தில் உள்பக்கமாகச் சீறியது.

வாசற்படியின் மேல்பட்டை நான்கு திருகாணிகளால் ஏறி இறங்கும் வகை. அந்தப் பக்கத்துத் திருகாணியை ஏற்றிப் பார்த்ததில் மூலை 1 டிகிரிக்கு வந்ததோடு சரி. கதவின் அடியில் இருக்கும் ரப்பர்த் துடைப்பு மடங்கிச் சுருண்டது, கதவைச் சாத்தத் தோள் கொடுக்க வேண்டியிருந்தது. திருகாணியைப் பழையபடி இறக்கிவிட்டது. பட்டியைத் தடிமனாக மாற்றுவதும் இதே கதிதான்: நாக்கு மாட்டாது, பிறகு பிடிதகட்டை அராவுவார்கள், பிறகு மேலே சந்து விழும்.

உண்மையான ஓட்டை எங்கே என்று டார்ச்சைத் தரையில் படுக்கவைத்துப் பார்த்தால் தெரிந்தது. பக்கத்துப் பட்டி வாசற்படிக்குச் சற்று மேலேயே முடிகிறது. அடித்துடைப்பு கதவின் விளிம்போடு முடிகிறது. இரண்டும் சந்திக்காத மூலையில் 10 × 6 மி.மீ. அளவில் ஒரு செவ்வகத் துளை. இதற்கென்றே ஆப்பு வடிவ நுரைத் திண்டு ஒரு ஜோடி, 75 மி.மீ. உயரத்தில், தொகுப்போடு ஒரு பையில் வரும். அதை ஒட்டுவது பொருத்துபவர் வேலை. ஒட்டப்படாமல் பையிலேயே கிடப்பது சகஜம். நிலைக்காலைத் துடைத்துக் காயவைத்து, திண்டின் தடித்த பக்கம் வெளிநோக்கி, அடி வாசற்படியில் அழுந்த, மேல்முனை பட்டிக்குப் பின்னால் செருகி ஒட்டியது. திண்டுக்கும் வாசற்படிக்கும் நடுவே ஒரு சொட்டு சீலன்ட். மூலை 9 டிகிரி.

பூட்டின் உள்முகப்பு 7 டிகிரி காட்டுகிறது. பித்தளை உருளை வெளியிலிருந்து உள்வரை ஒரே துண்டாகப் போவதால் இது தவிர்க்க முடியாதது. முகப்புத் தகட்டுக்குப் பின்னால் நுரை வட்டம் ஒன்று வைத்துக் காற்றோட்டத்தை மட்டும் நிறுத்தலாம். பூட்டுக்குள் எண்ணெய் விடக்கூடாது. குளிரில் அது கெட்டியாகி, தூசியும் சேர்ந்து நாக்கு பாதியில் நிற்கும். கிராஃபைட் தூள், அல்லது உலர்ந்த டெஃப்லான் தெளிப்பு.

நடைக்கூடத்துக் கதவு

இரண்டு கதவுகளுக்கு நடுவே 1.5 மீட்டராவது ஆழம் வேண்டும். ஒன்றைச் சாத்திவிட்டு நின்று மற்றதைத் திறக்க இடமில்லாவிட்டால் இரண்டும் ஒன்றாகத்தான் திறந்திருக்கும்.

இங்கே பலரும் தலைகீழாகச் செய்வது ஒன்று உண்டு. வெளிக்கதவை இறுக்கமாக அடைத்துவிட்டு, உள்கதவு உள்ளேதானே இருக்கிறது என்று சந்தோடு விடுவார்கள். வீட்டின் ஈரக்காற்று அந்தச் சந்து வழியாகக் குளிர்ந்த நடைக்கூடத்துக்குப் போய், வெளிக்கதவின் உள்முகத்தில் பனியாகப் படியும். இரண்டில் உள்கதவுதான் அதிக இறுக்கமாக இருக்க வேண்டும். வெப்பக்காப்பு பெரிதாக வேண்டாம். கெட்டிப் பலகைக் கதவு, மூன்று பக்கமும் ரப்பர், அடியில் தானாக இறங்கும் துடைப்பு. கதவைச் சாத்தும்போது கீல் பக்கத்துக் குமிழ் அழுந்தித் துடைப்பு தரையில் உட்காரும், திறக்கும்போது தூக்கிக்கொள்ளும். படி தடுக்காது.

கார் அறையிலிருந்து வரும் கதவு

இதில் குளிரைவிட நெருப்பும் கார்பன் மோனாக்சைடும் முக்கியம். முன்பு இருந்தது உள்கூடான அறைக்கதவு, அதில் பூனைக்காக வெட்டிய துளை வேறு. மாற்றியது 20 நிமிட நெருப்புத் தாங்கும் தரச்சீட்டு உள்ள நுரை நிரப்பிய எஃகுக் கதவு, சுற்றிலும் பட்டி, தரையைவிட உயர்ந்த வாசற்படி, தானாகச் சாத்தும் ஸ்பிரிங் கீல்கள். ஒரே ஒரு ஸ்பிரிங் கீல் கதவைப் பட்டிவரை கொண்டுவந்து நிறுத்திவிடும். அழுத்தி நாக்கை மாட்ட வலு போதாது. மூன்றில் இரண்டு ஸ்பிரிங் கீலாக வைத்து, விசையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, 30 டிகிரி திறந்த நிலையிலிருந்து விட்டால் தானே பூட்டும் வரை சரிசெய்தது. நெருப்புத் தரச்சீட்டு உள்ள கதவில் புதிதாகத் துளை எதுவும் போடக்கூடாது. நிலையும் அதே தரத்தில் இருக்க வேண்டும். இந்தக் கதவுக்குத் தானியங்கி மூடல் கட்டாயமா, எத்தனை நிமிடத் தாங்கல் வேண்டும் என்பது ஊருக்கு ஊர் விதி மாறும், வாங்கும் முன் பார்த்துக்கொள்ள வேண்டியது.

உள்ளறைக் கதவுகள்

இரண்டு பக்கமும் ஒரே வெப்பம் என்றால் யு-மதிப்பு பற்றிக் கவலையே வேண்டாம். இங்கே எதிரி வறட்சி. குளிர்காலத்தில் சூடேற்றிய வீட்டின் ஈரப்பதம் 20-30 சதவீதத்துக்கு இறங்கும்; மரத்தின் ஈரம் கோடையில் 10 சதவீதம் இருந்தால் அப்போது 5 பக்கம் போகும். பைன் மரம் குறுக்குவாட்டில் ஈரம் 1 சதவீதம் குறைந்தால் அகலத்தில் கால் சதவீதம் வரை சுருங்கும். இரண்டு நெடுஞ்சட்டமும் சேர்ந்து 230 மி.மீ. என்றால் கதவின் அகலம் 3 மி.மீ. வரை குறையும், நடுப்பலகை 400 மி.மீ. என்றால் அது 5 மி.மீ. சுருங்கும். கதவின் உயரம் கிட்டத்தட்ட மாறாது. கோடையில் உரசுகிறது என்று இழைத்துவிட்ட கதவு குளிர்காலத்தில் நாக்கு மாட்டாமல் ஆடுவது இதனால்தான். இழைப்பதாக இருந்தால் கீல் பக்கம் 1 மி.மீ.க்கு மேல் வேண்டாம்.

பலகை உள்ள கதவின் சட்டங்களைக் கோர்ப்பதற்கு முன்பே பலகையின் ஓரங்களுக்கு நிறம் அடித்துவிட வேண்டும். பிறகு அடித்தால் பலகை சுருங்கும்போது நிறம் படாத மரம் ஒரு வெளிர்கோடாக எட்டிப்பார்க்கும். மேல் விளிம்பு, கீழ் விளிம்பு உட்பட ஆறு பக்கமும் பூச்சு கட்டாயம். கண்ணில் படாத அந்த இரண்டு விளிம்புகள் வழியாகத்தான் ஈரம் வேகமாக ஏறி இறங்குகிறது. படுக்கையறைகளுக்குச் சத்தம் குறைய வேண்டும் என்பதால் துகள்பலகை நிரப்பிய கெட்டிக் கதவு, மற்றவற்றுக்கு உள்கூடானவை. கெட்டிக் கதவு கனம். மூன்று கீல் வேண்டும்.

அடிச் சந்து இங்கே வேண்டியது. 760 மி.மீ. கதவுக்கு அடியில் 12 மி.மீ. விட்டால் 91 சதுர செ.மீ. காற்று வழி. இரவில் படுக்கையறைக் கதவைச் சாத்தினால் சூடான காற்று சுற்றிவர வழி இதுதான். அடைத்தால் அறை குளிரும், ஜன்னல் வேர்க்கும். குளியலறையில் காற்றாடி இழுக்கும் காற்றும் இதன் வழியாகத்தான் வர வேண்டும். அளவைத் தரைவிரிப்பு போட்ட பிறகு எடுக்க வேண்டும், வெறுந்தரையிலிருந்து அல்ல.

செலவான துணைப்பொருள், வாசல், நடைக்கூடம், கார் அறை ஆகிய மூன்று கதவுகளுக்கும் சேர்த்து: குறைவிரிவு நுரை 750 மி.லி. டப்பா 3, பியூட்டைல் டேப் 1 சுருள், சீலன்ட் 4 குழாய், மர ஆப்பு 40 பக்கம், 75 மி.மீ. திருகாணி 16. கதவின் விலையோடு ஒப்பிட்டால் இது சில்லறை.

அடுத்த தடவை மாற்ற வேண்டியவை சில. நிலைக்காலின் அடிப்பகுதி உளுக்காத கலவைப்பொருளால் ஆன தொகுப்பைக் கேட்க வேண்டும். மரக்கால் எத்தனை பூச்சு பூசினாலும் வெட்டுமுனை வழியாக நீர் குடிக்கும். நிலையின் ஆழத்தை 165 மி.மீ. என்று சொல்லியே வரவழைக்க வேண்டும். இங்கே 140-இல் வந்ததை 25 மி.மீ. பட்டை ஒட்டி நீட்டியதில் அந்த ஒட்டு நிறத்துக்குள்ளிருந்து கோடாகத் தெரிகிறது. வாசற்படியின் திருகாணிகளை வருடத்துக்கு இருமுறை தொட வேண்டியிருக்கிறது: குளிர் தொடங்கும்போது கால் சுற்று ஏற்றம், வெயில் வந்ததும் அதே கால் சுற்று இறக்கம். கூடவே பட்டிகளைச் சோப்புநீரில் துடைத்துச் சிலிகான் தெளிப்பு தடவிவிட்டால், ஈரமாக உறைந்து கதவோடு ஒட்டிக் கிழிவதில்லை.